இருபத்தேழு காவலர்களும் ஆறு தாய்மாரும்

செய்யூரில் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கந்தசாமி கோயிலைச் சுற்றி முன்கூட்டியே காவல் போட்டிருக்கிறது. அசுவினி தொடங்கி ரேவதி வரை 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொன்றாக 27 வேதாளங்கள் அந்தக் கோயிலைச் சூழ்ந்து கல்லில் நிற்கின்றன. வருகிறவர்கள் தங்கள் நட்சத்திரத்துக்கு உரிய வேதாளத்தைத் தேடிப்போய் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். உள்ளே எங்கள் கந்தன். அருணகிரிநாதர் சேயூர் என்று திருப்புகழில் பாடிய தலம் இது. கிழக்கே உப்பளமும் உப்பங்கழியும், அதற்கு அப்பால் கடலும். அந்த உப்புக்காற்று வந்து மோதும் ஊரில்தான் என் முதல் பிள்ளை எனக்குள் உருவானது.

நான் மதுராந்தகத்துப் பெண். செய்யூருக்கு வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, நிறைமாத வயிற்றோடு இதை எழுதுகிறேன். இந்தப் பத்து மாதத்தில் கந்தன் எனக்குக் காட்டியதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள முடியவில்லை. வயிறு நிறைந்திருப்பதைவிட நெஞ்சு நிறைந்திருக்கிறது. சொன்னால்தான் ஆறும்.

போன ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருந்தேன். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிச் சூரசம்ஹாரம் வரை ஆறு நாள். பிள்ளை வேண்டி விரதம் இருக்கும் பெண்கள் அன்று கோயிலில் நிறையப் பேர். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தி கண்ணைப் பார்த்தாலே மற்றவளுக்குத் தெரிந்தது. சூரன் விழுந்தபோது எழுந்த அரோகராவில் என் குரலும் கலந்தது. "கந்தா, நீ பிள்ளையாக வந்தவன். பிள்ளையின் அருமை உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தை மாதம் முடியும் நேரத்தில் ஒரு காலை, அத்தை என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஏம்மா, தலைக்கு ஊத்திக்கிட்டு எவ்ளோ நாளாச்சு?" என்றார். மறுநாள் விடிகாலையில் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அட்டையைக் கையில் பிடித்தபடி பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் இருந்த கந்தன் என்றும் சிரிப்பவன்தான். அன்று அவன் சிரித்தது எனக்காக என்றே இருந்தது. அழுதேன். அத்தையும் அழுதார். அவர் கணவரை இழந்து ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை என் கணவர். அந்த வீட்டுக்கு எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு குழந்தை வரப்போகிறது.

அடுத்து வந்த கிருத்திகைக்கு வழக்கம்போல் பட்டினி இருக்கப் போனேன். அத்தை சூடான இட்லியைத் தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினார். "நீ சாமிக்குப் பட்டினி கெடந்தது போதும். இனிமே உள்ள இருக்கற சாமிக்குப் பசிக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் விரதம் முழுவதும் புரண்டு திரும்பியது. அன்றிலிருந்து நான் உண்ட ஒவ்வொரு கவளமும் நைவேத்தியம். கீரை மசியலும் கேழ்வரகுக் கூழும் வேர்க்கடலையும் முட்டையும், எதை வாயில் வைத்தாலும் மனதுக்குள் "உனக்கு" என்று சொல்லித்தான் விழுங்கினேன்.

மாசியில் மசக்கை வந்தது. தாளிக்கும் வாசனை எட்டு வீடு தள்ளியிருந்து வந்தாலும் குடல் புரட்டியது. சோறு கொதிக்கும் மணமும் ஆகவில்லை. பொறுக்க முடிந்த மணம் திருநீறு ஒன்றுதான். மடியில் ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டு அவ்வப்போது முகர்ந்து பார்ப்பேன். துவண்டு படுத்திருந்த அந்த நாட்களில் எனக்கு வாய்த்தது ஒரு புது ஜபம். ஓங்கரிப்பு அடங்கும் ஒவ்வொரு முறையும் "சரவணபவ" என்று மூச்சு வரும். நோவும் நாமமும் அடுத்தடுத்து வந்து பழகிப்போயின. நோவு போன பிறகும் நாமம் நின்றுவிட்டது. மசக்கை எனக்குத் தந்த வரம் அது.

கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா வீட்டுக்கே வந்து பெயர் பதிந்து, தாய் சேய் நல அட்டை கொடுத்தார். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு எல்லாம் அதில் ஏறின. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவிக்கும் வழி சொன்னார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து பெண்களுக்காகப் பேசிய அந்த அம்மையாரின் பெயர், செய்யூர்த் தெருவில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்ந்து வருகிறது. நல்லவர்கள் செய்த புண்ணியம் இப்படித்தான் வீடு தேடி வரும் போலிருக்கிறது. "டீ குடிச்ச கையோட இரும்புச்சத்து மாத்திரை போடாதம்மா. டீ அந்தச் சத்தை ஒடம்புல சேர விடாது. எலுமிச்சம் சாறோ நெல்லிக்காயோ சேத்துக்க" என்று அக்கா சொன்னதை வேதவாக்காகக் கொண்டேன். இரவு திருநீறு பூசிக்கொண்டு, மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொள்வேன். கோயிலில் தந்தது ஒரு பிரசாதம். சுகாதார நிலையத்தில் தந்தது இன்னொரு பிரசாதம்.

பங்குனி உத்திரத்தையொட்டி ஒரு நாள், சுகாதார நிலையத்தில் சின்னக் கருவி ஒன்றை அடிவயிற்றில் வைத்தார்கள். முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து விறுவிறுவென்று ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் அது விழவில்லை. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டே, காப்பில் தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி என்று வளர்ந்து கடைசியில் குழந்தை சிறுபறை கொட்டி, சிறுதேர் உருட்டுமே, அந்தச் சிறுபறையை என் பிள்ளை பிறக்கும் முன்பே கொட்டத் தொடங்கிவிட்டது! பகழிக்கூத்தர் திருச்செந்தூரானைக் குழந்தையாக்கிப் பாடினார். குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரனைக் குழந்தையாக்கிப் பாடினார். கடவுளைக் குழந்தையாகக் கண்ட மொழியில் பிறந்தவள் நான். ஒரு குழந்தையின் நெஞ்சு துடிப்பதைக் கேட்டு அதைக் கடவுள் என்று கையெடுத்துக் கும்பிட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வைகாசி விசாகம் வந்தது. முருகன் பிறந்த நட்சத்திரம். காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டோம். மலைக்கோயில் என்றால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஏற முடியாது. எங்கள் கந்தனோ தரையில் நிற்கிறான், என்னைப் போன்றவர்களுக்காகவே இறங்கி வந்து நிற்பதுபோல. பால் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வள்ளி தெய்வானையோடு நின்றவன்மேல் பால் வழிந்து மார்பில் இறங்கி, வேலில் இறங்கி, பாதத்தில் தேங்கியது. திரை போட்டார்கள். அலங்காரம் முடியும்வரை கூட்டம் நாமம் சொல்லிக்கொண்டு நின்றது. எனக்கு ஒரு தூணோரம் இடம் விட்டு உட்கார வைத்தார்கள்.

மணி அடித்தது. திரை விலகியது. சந்தனக் காப்பில் அவன் நிற்கிறான். தீபம் முகத்துக்கு நேரே உயர்ந்த அந்தக் கணத்தில், கந்தா, நீ என்னைத் தொட்டாய்! தொப்புளுக்குக் கீழே, உள்ளிருந்து, ஒரு தொடுதல். வாயுவாக இருக்கும் என்று நினைக்கும் முன்னே இன்னொன்று. அதற்குமேல் சந்தேகமில்லை. அதுவரை வெளியில் இருந்த சாமியை உள்ளிருந்த பிள்ளைக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் வெளி எது உள் எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. தீபத்தைப் பார்த்தவன் யார்? என் கண் வழியே என் பிள்ளை பார்த்ததா, என் பிள்ளையின் வழியே அவன் தன்னையே பார்த்துக்கொண்டானா? அரோகரா அரோகரா என்று ஊரே முழங்க, எனக்கு வாய் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18 வாரத்துக்கு மேல்தான் அசைவு தெரியும் என்று அட்டையில் அச்சடித்ததுபோல் அக்கா முன்பே சொல்லியிருந்தார். மருத்துவத்தின் கணக்கும் மாறவில்லை. கந்தன் தன் பிறந்தநாளுக்குக் காத்திருந்து தொட்டதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நாளில் என் வயிற்றில் சந்தித்துக்கொண்டன.

சன்னதியை விட்டு வெளியே வந்து வேதாளங்களின் பக்கம் நடந்தேன். பின்னால் யாரோ ஒரு அம்மா, "வயித்துப்பிள்ளைக்காரி வேதாளத்தைப் பாக்கலாமா? பயந்துக்கப் போவுது" என்றார். என் கணவரின் பாட்டி, எங்கள் ஆயா, கோலை ஊன்றி நின்று திரும்பினார். "அதுங்க யாரு? முருகன் படையில வந்ததுங்க. காவக்காரனப் பாத்துப் புள்ள ஏன் பயப்படணும்? வாடிம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் நட்சத்திரத்துக்கு உரிய வேதாளத்தின் முன் விளக்கேற்றினேன். என் கணவருடையதன் முன்பும் ஏற்றினேன். பிறகு நின்றுவிட்டேன். பிள்ளைக்கு எங்கே ஏற்றுவது? அது இன்னும் பிறக்கவில்லை. அதற்கு நட்சத்திரம் இல்லை. இந்த 27 பேரில் யார் அதன் காவலர் என்று கந்தன் ஒருவனுக்குத்தான் தெரியும். "ஆயா, எதுல வெக்கறது?" என்று கேட்டேன். ஆயா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எல்லாத்துலயும் வெய்யி. பொறக்கற வரைக்கும் எல்லாரும் காவக்காக்கட்டும்."

எத்தனை பெரிய உண்மையைக் கோலூன்றி நின்றபடி சொல்லிவிட்டார்! பிறந்த மனிதருக்கு ஒரு நட்சத்திரம், ஒரு காவலர். பிறக்காத பிள்ளைக்கு வானம் முழுவதும் சொந்தம். அது இன்னும் எந்த ராசிக்கும் உட்படவில்லை, எந்தப் பெயருக்கும் கட்டுப்படவில்லை. 27 பேரும் அதற்கு வேல் பிடிக்கிறார்கள். ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, எந்த நாள், எந்த நாழிகை என்ற எங்கள் ஆவல் எல்லாம் அந்த இடத்தில் அடங்கிப்போனது. அசுவினியில் தொடங்கி ரேவதி வரை ஆயாவும் நானும் அகல் ஏற்றிக்கொண்டே போனோம்.

அன்று இரவு மொட்டைமாடியில் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணக்குப் போட்டேன். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வர 27 நாளுக்குச் சற்றுக் கூட ஆகிறது. கடைசியாகத் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து 280 நாள் என்பது மருத்துவர்கள் பிரசவத்துக்குக் குறிக்கும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் பத்துச் சுற்றும் சற்று மேலும். பத்து மாதம் சுமந்தவள் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இந்த நிலவின் கணக்கோடு ஒட்டி நிற்கிறது. அப்படியானால் என் பிள்ளைக்காகச் சந்திரன் அந்த 27 வீடுகளிலும் பத்து முறை தங்கிச் செல்கிறான். செய்யூர்க் கோயிலைச் சுற்றி நாங்கள் நடந்த அதே சுற்றை அவன் வானத்தில் நடக்கிறான். எனக்குள் ஒரு சிறு உயிர் வளர்வதற்கு இத்தனை பெரிய ஊழியம் நடந்துகொண்டிருப்பதை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. இதற்கெல்லாம் நான் என்ன தகுதி பெற்றேன், கந்தா?

ஆடிக் கிருத்திகையன்று அந்தக் கேள்விக்கு விடை வந்தது. காவடிகள் ஆடி வந்தன. கூட்டத்தில் நிற்க வேண்டாம் என்று என்னை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அது கார்த்திகைப் பெண்களின் நாள். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணக் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஈசனின் நெற்றிக்கண்ணிலிருந்து பொறிகள் பறந்தன. காற்றும் தீயும் தாங்கிப்போய்க் கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே ஆறு குழந்தைகள். பாலூட்டினார்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமையம்மை வந்து ஒருசேர அணைத்தபோது ஆறுமுகனானான்.

சிறு வயது முதல் கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் என் நெஞ்சில் தைத்தது. முருகன் ஒரு வயிற்றிலும் கிடக்கவில்லை! பத்து மாதம் இருட்டில் ஒரு தாயின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் சுகம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைப்பது அவனுக்குக் கிடைக்காத ஒன்று. அதனால்தானோ கருவில் கிடக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அவன் இத்தனை ஆசையோடு வந்து காக்கிறான்? திருக்கருகாவூரில் நிதித்துருவரின் மனைவி வேதிகையின் கலைந்த கருவை அம்பிகை குடத்தில் வைத்துக் காத்தாள். திருச்சியில் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் தவித்த ரத்தினாவதிக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்துத் தாயுமானவன் ஆனான். அம்மை கருக்காத்தாள், அப்பன் மருத்துவச்சியானான். பிள்ளையோ எங்கள் ஊரில் 27 காவலரோடு நிற்கிறான். அந்தக் குடும்பமே பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊழியம் செய்யும் குடும்பம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மகாபாரதத்தின் வனபருவம் அந்தக் கார்த்திகைப் பெண்களை வேறுவிதமாகச் சொல்கிறது. அவர்கள் முனிவர்களின் மனைவியர். செய்யாத பழிக்காகக் கணவர்களால் விலக்கப்பட்டவர்கள். போக்கிடம் இல்லாமல் கந்தனிடம் வந்து, எங்களை உன் தாயாக ஏற்றுக்கொள் என்று கேட்டார்கள். ஏற்றுக்கொண்டான். வானத்தில் நட்சத்திரமாக இடமும் பெற்றுத் தந்தான். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்களைத் தேவசேனாபதி அம்மா என்று அழைத்தான். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கூடிக் காவடி எடுப்பது அந்தப் பெண்களின் நட்சத்திரத்தில். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நான் சுற்றிலும் பார்த்தேன். சற்றுத் தள்ளி, எல்லோருக்கும் பின்னால், சுவரோரமாக ஆயாவும் அத்தையும் நின்றிருந்தார்கள். நெற்றியில் திருநீறு மட்டும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆவணிக் கடைசியில், ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தார்கள். அதற்குச் சற்று முன் ஒரு இரவு பிள்ளை அசையவில்லை என்று தோன்றியது. இடப்பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். சாப்பிட்டுப் பார்த்தேன். கை வைத்த இடமெல்லாம் அமைதி. அந்த நேரத்தில் உடம்பில் ஏறிய குளிரை இப்போதும் நினைக்க முடியவில்லை. அத்தை என் நெற்றியில் திருநீறு பூசினார். அடுத்த கையால் 108க்குப் போன் செய்தார். விடியட்டும் என்று சொல்லவில்லை. வண்டிக்குள் ஆயா என் காலைப் பிடித்துக்கொண்டு வேலா வேலா என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டி நெஞ்சுத்துடிப்பை ஓடவிட்டார்கள். அந்தச் சிறுபறை ஓங்கி ஒலித்தது! கொஞ்ச நேரத்தில் ஒரு உதையும் விட்டது. பிள்ளை தூங்கியிருந்திருக்கிறது. "சந்தேகம் வந்தா நேரங்காலம் பாக்காம இப்படித்தான் வந்துடணும்" என்று டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டினார். திருநீறு பூசிய கையும் போன் எடுத்த கையும் ஒரே தாயின் இரண்டு கைகள். அத்தையின் உருவில் அன்று ஒரு கார்த்திகைப் பெண்ணைக் கண்ணால் பார்த்தேன்.

வளைகாப்பன்று மனையில் உட்கார வைத்தார்கள். சந்தனம், குங்குமம், தட்டு நிறையக் கண்ணாடி வளையல். முதலில் போடுவது வேப்பங்கொழுந்தில் செய்த காப்பு. மூத்த சுமங்கலி யார் என்று தேடினார்கள். ஆயா வழக்கம்போல் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிட்டார். அத்தை வாசலில் பந்தி வேலையில் தன்னை ஒளித்துக்கொண்டிருந்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். "வேப்பிலைக் காப்பை ஆயாதான் போடணும். அடுத்தது அத்தை" என்றேன். கூடத்தில் பேச்சு நின்றது. ஒரு பெரியம்மா, "அது வழக்கமில்லியேம்மா" என்றார் மெல்ல. "கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரும் புருஷன் ஒதுக்கினவங்க பெரியம்மா. அவங்க பால் குடுத்து வளந்த புள்ளையத்தானே நாம தெனமும் கும்பிடறோம்?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெரியம்மாவே எழுந்துபோய் ஆயாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

ஆயாவின் கை நடுங்கியது. அறுபது வருஷமாக எந்த மங்கலத்திலும் முன்னால் நிற்காத கை. வேப்பங்காப்பு என் மணிக்கட்டில் ஏறியபோது, கந்தா, நீ வயிற்றுக்குள் புரண்டு படுத்தாய். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் சேலைக்கு மேலேயே தெரிந்தது. கூடத்தில் குலவை எழுந்தது. அதற்குப் பிறகு அடுக்கிய கண்ணாடி வளையல்களின் ஓசை எதுவும் அந்த முதல் காப்பின் மௌனத்துக்கு ஈடாகவில்லை.

அங்கன்வாடியில் அரசு நடத்திய சமுதாய வளைகாப்பிலும் உட்கார்ந்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் வீட்டுப் பெண்ணும், கடற்கரைக் குப்பத்துப் பெண்ணும், காலனிப் பெண்ணும், நானும் ஒரே வரிசையில். எல்லோருக்கும் ஒரே சந்தனம், ஒரே வளையல், ஒரே கலவைச் சாதம். எங்கள் வயிற்றுக்குள் இருந்தவர்களுக்குத் தெருவும் இல்லை, சாதியும் இல்லை. சரவணப் பொய்கையில் ஆறு தாமரையும் ஒரே நீரில்தான் மிதந்தன. பக்கத்தில் இருந்த குப்பத்துப் பெண்ணின் அம்மா மீன் விற்பவர். "கொழந்த பொறந்ததும் சொல்லியனுப்பு. பால் சுறா கொண்டாறேன், புட்டு செஞ்சு தின்னு, பால் ஊறும்" என்று என் மோவாயைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். கந்தன் எத்தனை முகத்தோடு வருகிறான்! ஆறு என்பது குறைந்த கணக்கு.

இப்போது மதுராந்தகத்தில் இருக்கிறேன். பிள்ளைக்கு ஆயத்தம் நடக்கிறது. பிறக்கும் முன் புதுத்துணி வாங்குவது எங்களிடம் வழக்கமில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளை அம்மா கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வைத்திருக்கிறார். ஏணை கட்ட அம்மாவின் நைந்த நூல்சேலை. ஆயா தன்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில்தான் முதலில் ஏந்த வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திருக்கருகாவூரில் பூஜித்துக் கொண்டுவந்த விளக்கெண்ணெய், வலி வந்தால் வயிற்றில் தடவ, சாமி மாடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பையில் அட்டையும் ஸ்கேன் தாள்களும் இருக்கின்றன. சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டாம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் என்று செவிலியர் அக்கா சொன்னதை அம்மாவும் ஏற்றுக்கொண்டார். கார்த்திகைப் பெண்கள் ஊட்டியதும் பால்தானே.

மாலையில் ஏரிகாத்த ராமர் கோயில்வரை மெல்ல நடக்கிறேன். 1790களில் கம்பெனி ஆட்சியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பெருமழை இரவில் கரை உடையுமோ என்று அஞ்சிப் பார்க்கப் போனபோது, வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்கக் கண்டார் என்பது எங்கள் ஊர் சொல்லும் கதை. தாயார் சன்னதியை எழுப்பிக் கொடுத்தது அவர்தான். செய்யூரில் வேலேந்தியவன், மதுராந்தகத்தில் வில்லேந்தியவன். ஏரிக்கரையைக் காத்தவனே, என் பனிக்குடத்தையும் நாள் வரும்வரை உடையாமல் காத்துக் கொடு என்று கேட்கிறேன். நாள் வந்தால் உடையட்டும். அந்த வெள்ளத்தில் என் பிள்ளை நீந்தி வரட்டும். அது வரும் நாளில் நிலவு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வேதாளத்தின் முன் முதல் விளக்கை ஏற்றுவது ஆயா. அதுவும் முடிவு செய்தாகிவிட்டது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுதல். உங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தால், அவளிடம் போய்ச் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பிள்ளை அசைகிறதா என்று கேளுங்கள். அசைவு குறைந்தாலும், இரத்தம் கசிந்தாலும், விடாத தலைவலியோ முகவீக்கமோ வந்தாலும், நல்ல நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டில் வளைகாப்பு வந்தால், கணவரை இழந்தவள், பிள்ளை பெறாதவள், கணவன் விட்டுப்போனவள் என்று அடுப்படி ஓரம் ஒதுங்கி நிற்கும் பெண் எவளோ, அவளை முதலில் கூப்பிட்டு முதல் காப்பைப் போடச் சொல்லுங்கள். கந்தன் அம்மா என்று அழைத்தது அவளைத்தான்.